‘மைல்டு’தானே என்றார்கள்... 18 படிக்கட்டு வேறு கதை சொன்னது!

ஜனவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முழு ஊரடங்கு. தெருவில் பால்காரரைத் தவிர ஆள் நடமாட்டம் இல்லை. காலையில் காபி குடிக்கும்போது தொண்டையில் முள் சிக்கியதுபோல ஒரு வலி. ‘நேத்து ஃப்ரிட்ஜ் தண்ணி குடிச்சோம்ல, அதான்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த இரண்டு வருடங்களில் நம்மில் பலர் நமக்கு நாமே சொல்லிக்கொண்ட பொய் இதுதான்.

ராத்திரி உடம்பு முழுக்க அடித்துப் போட்டதுபோல வலித்தது. திங்கட்கிழமை காலையில் காய்ச்சல் 101. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மூக்கிலும் தொண்டையிலும் குச்சியை விட்டு சாம்பிள் கொடுத்துவிட்டு வந்தேன். செவ்வாய் மாலை போனுக்கு மெசேஜ் வந்தது. பாசிட்டிவ்.

எனக்கு 47 வயது. கோவிஷீல்டு இரண்டு டோஸும் போட்டாயிற்று. சென்னையில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் முதல் மாடி வீடு. கீழிருந்து மேலே வர 18 படிகள். வீட்டில் கணவர், ப்ளஸ் ஒன் படிக்கும் மகன், 73 வயது அம்மா. மகனுக்கு அந்த மாதம் முதல் வாரத்தில்தான் பள்ளியில் முதல் ஊசி போட்டார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. இரண்டு படுக்கையறை, ஆனால் ஒரே ஒரு குளியலறை.

மெசேஜைப் பார்த்ததும் நான் முதலில் சொன்ன வார்த்தை, “அம்மா, நீ அந்தப் பக்கம் போ!”

நீல நிற ஆக்ஸிமீட்டர்

அலமாரியின் மேல்தட்டில், சுடிதார் துணிக்கு அடியில் ஒரு நீல நிற ஆக்ஸிமீட்டர் இருந்தது. ஏழு மாதமாக அதை நான் தொட்டதில்லை. அது என் அண்ணனுடையது. போன வருடம் ஜூன் மாதம் அண்ணி அதை என் கையில் கொடுத்து, “இதை வீட்ல வெச்சுப் பார்த்துக்கிட்டிருக்க முடியலை. தூக்கிப் போடவும் மனசு வரலை. நீ வெச்சுக்கோ” என்றார்.

2021 ஏப்ரல் 3-ம் தேதி அம்மாவும் நானும் முதல் ஊசி போட்டுக்கொண்டோம். அண்ணனுக்கு 51 வயது. அச்சகத்தில் வேலை. சனிக்கிழமை அரை நாள் லீவ் கிடைக்கும், 17-ம் தேதி போட்டுக்கொள்கிறேன் என்றார். அந்த சனிக்கிழமை காலையில்தான் நடிகர் விவேக் காலமான செய்தி வந்தது. மக்களுக்கு நம்பிக்கை வரவேண்டும் என்பதற்காகவே இரண்டு நாள் முன்பு, 15-ம் தேதி அரசு மருத்துவமனையில் கேமராக்களுக்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டவர் அவர். மாரடைப்புக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அன்றைக்கே சொன்னார்கள். பிறகு மத்திய அரசின் நிபுணர் குழுவும் ஆராய்ந்து அதையேதான் சொன்னது. ஆனால், அந்த வாரம் எத்தனை வீடுகளில் ‘கொஞ்சம் பொறுத்துப் போட்டுக்கலாம்’ என்று முடிவெடுத்தார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. எங்கள் அண்ணனும் அப்படித்தான் சொன்னார். “எலெக்‌ஷன் ரிசல்ட் வரட்டும், கூட்டம் குறையட்டும், பார்த்துக்கலாம்.”

மே மாதம் இரண்டாவது வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் போனில் என்னுடன் நன்றாகத்தான் பேசினார். “ஒண்ணுமில்லடி, கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்.” அப்போது அவர் விரலில் மாட்டியிருந்த அந்த நீலப் பெட்டி 84 காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மூச்சு வாங்காமலேயே ஆக்ஸிஜன் இறங்கும் என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. அன்றிரவு ஆம்புலன்ஸ். மருத்துவமனை வாசலில் படுக்கைக்காகக் காத்திருந்த ஐந்து மணி நேரம். மே 22-ம் தேதி அண்ணன் போய்விட்டார்.

அந்தப் பெட்டியில் புது பேட்டரி போட்டு என் விரலை விட்டபோது கை நடுங்கியது. 97 என்று காட்டியது. நம்பாமல் மூன்று முறை பார்த்தேன்.

‘மைல்டு’ என்றால் என்ன?

மறுநாள் மாநகராட்சியிலிருந்து போன் செய்து காய்ச்சல், மூச்சுத்திணறல், வேறு நோய்கள் எல்லாம் கேட்டார்கள். வீட்டுத் தனிமையில் இருக்கலாம் என்றார்கள். எங்கள் குடும்ப டாக்டரிடம் பேசினேன். அவரும், “உங்களுக்கு மைல்டுதாம்மா” என்றார். 

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “டாக்டர், எச்சில் விழுங்க முடியலை. எலும்பெல்லாம் உடைஞ்ச மாதிரி வலிக்குது. இது மைல்டா?”

“மைல்டுன்னா உங்களுக்குக் கஷ்டம் இல்லைன்னு அர்த்தம் இல்லைம்மா. உங்க நுரையீரலுக்குக் கஷ்டம் இல்லைன்னு அர்த்தம்” என்றார்.

காய்ச்சல், இருமல், தொண்டை வலி, உடம்பு வலி எவ்வளவு இருந்தாலும், மூச்சுத்திணறல் இல்லாமல் ஆக்ஸிஜன் அளவு 93-க்கு மேல் இருந்தால் அது மைல்டு. 90 முதல் 93 வரை இறங்கினாலோ, நிமிடத்துக்கு 24 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினாலோ அடுத்த கட்டம். அந்தச் சொல் ஆஸ்பத்திரிக்காரர்களின் அளவுகோல். படுத்துக்கிடப்பவரின் அளவுகோல் இல்லை. இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால், பின்னால் நான் பட்ட பாட்டில் பாதி குறைந்திருக்கும்.

கீழ்வீட்டு அக்கா படிக்கட்டில் நின்றபடியே சத்தமாகக் கேட்டார். “ரெண்டு ஊசி போட்டும் வந்துடுச்சே... அப்புறம் எதுக்கு அந்த ஊசி?” அப்போது பதில் சொல்லத் தெம்பில்லை. இப்போது சொல்கிறேன்.

ஊசியைத் தோள் தசையில் போடுகிறோம். அதனால் உருவாகும் ஆன்டிபாடிகள் பெரும்பாலும் ரத்தத்தில்தான் சுற்றுகின்றன. வைரஸ் முதலில் வந்து இறங்கும் மூக்கிலும் தொண்டையிலும் அவற்றின் காவல் குறைவு. அதுவும் சில மாதங்களில் இறங்கிவிடும். போதாததற்கு ஒமைக்ரான், தன் மேல்பகுதியில் இருக்கும் முள் புரதத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்களோடு வந்தது. பழைய ஆன்டிபாடிகளுக்கு அதன் முகம் சரியாக அடையாளம் தெரியவில்லை. ஆனால், தடுப்பூசி இன்னொரு வேலையும் செய்து வைத்திருக்கிறது. நினைவு செல்களும், தொற்றிய செல்லைத் தேடி அழிக்கும் டி-செல்களும் வைரஸின் பல பகுதிகளை அடையாளம் வைத்திருக்கின்றன. அவை கிளம்பிவர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் தொண்டை புண்ணாகிவிடும், காய்ச்சல் அடிக்கும். ஆனால், நோய் நுரையீரலுக்கு இறங்குவதற்குள் பெரும்பாலும் அவை வந்து சேர்ந்துவிடுகின்றன.

எண்களும் அதைத்தான் சொல்கின்றன. அண்ணன் போவதற்கு முந்தைய நாள், 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் தொற்று 36 ஆயிரத்தைத் தாண்டியது. அன்றைய மரணங்கள் 400-க்கு மேல். 2022 ஜனவரி 22 அன்று தொற்று 30 ஆயிரத்தைத் தாண்டியது. மரணங்கள் 50-க்கும் குறைவு. இதில் ஒமைக்ரான் நுரையீரலை அதிகம் தாக்காத வகை என்பதற்கும், முன்பே தொற்று வந்து போனவர்கள் நிறைய பேர் இருந்ததற்கும் பங்கு உண்டு. எல்லாப் பெருமையையும் ஊசிக்கே கொடுத்துவிட மாட்டேன். ஆனால் அதன் பங்கைக் குறைத்துச் சொல்லவும் என் வீட்டுக் கதை என்னை விடாது.

மருந்துச் சீட்டும் வாட்ஸ்அப் சீட்டும்

எங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மருந்துப் பட்டியல் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு ஆன்டிபயாடிக், ஒரு பூச்சி மாத்திரை, ஸ்டீராய்டு, நாலு வகை வைட்டமின். டாக்டருக்கு அதை அனுப்பினேன். “முதல்ல அதை அழிங்க” என்றார். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்குத்தான், வைரஸுக்கு இல்லை. ஆக்ஸிஜன் குறையாதவர்கள் ஸ்டீராய்டு சாப்பிட்டால் நன்மையைவிடக் கெடுதல்தான் அதிகம். இரண்டாவது அலையில் சர்க்கரை ஏறி, கறுப்புப் பூஞ்சை வந்து எத்தனை பேர் கண்ணை இழந்தார்கள் என்று ஞாபகப்படுத்தினார்.

அவர் எழுதிக்கொடுத்தது காய்ச்சல் இருந்தால் மட்டும் பாராசிட்டமால் 650. அந்த மாதம் பாதித் தமிழ்நாடு டோலோ மீம்ஸ் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்ததே, அதே மாத்திரைதான். உப்புப் போட்ட வெந்நீரில் தொண்டையைக் கொப்பளிப்பது, நிறைய தண்ணீர், தூக்கம். அவ்வளவுதான். அம்மா வைத்த மிளகு ரசத்துக்கு அனுமதி உண்டா என்று கேட்டேன். “எனக்கும் ஒரு டம்ளர் அனுப்புங்க” என்றார்.

தினமும் இரண்டு முறை ஆறு நிமிடம் அறைக்குள்ளேயே நடக்கச் சொன்னார். நடப்பதற்கு முன்பும் பின்பும் ஆக்ஸிஜன் பார்க்க வேண்டும். நடந்த பிறகு 3 புள்ளி அல்லது அதற்கு மேல் இறங்கினால் உடனே சொல்ல வேண்டும். எனக்கு 97, 96 என்றே இருந்தது. இரவு சரியாக ஒன்பது மணிக்கு அண்ணியிடமிருந்து போன் வரும். நலம் விசாரிப்பு கிடையாது. “எவ்வளவு?” என்பார். எண்ணைச் சொன்னதும், “சரி, தூங்கு” என்று வைத்துவிடுவார்.

கதவுக்குப் பின்னால் ஒரு பொங்கல்

நான்காம் நாள் பொங்கல். கோயில்களில் தரிசனம் கிடையாது. ஊரே அடங்கிக் கிடந்தது. அடுப்படியில் மகன் மட்டும் தனிக் குரலில் “பொங்கலோ பொங்கல்” என்று கத்தியது கதவு வழியாகக் கேட்டது. அம்மா மாஸ்க் போட்டுக்கொண்டு சர்க்கரைப் பொங்கலைத் தட்டில் வைத்து, கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டுத் தள்ளிப் போனார்.

தட்டை முகத்தருகே கொண்டுபோனேன். நெய், ஏலக்காய், முந்திரி... ஒரு வாசனையும் இல்லை. ஒமைக்ரானில் வாசனை போவது குறைவு என்கிறார்கள். அந்தக் குறைவான கூட்டத்தில் நானும் ஒருத்தி. இனிப்பு மட்டும் நாக்கில் தெரிந்தது.

காணும் பொங்கலன்று, மறுபடி ஒரு முழு ஊரடங்கு ஞாயிறு, அம்மா இருமினார். எத்தனை தள்ளி நின்றாலும் ஒரே குளியலறை உள்ள வீட்டில் இதற்குமேல் என்ன செய்ய முடியும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. ‘அம்மாவுக்கு நான் கொடுத்துவிட்டேன்’ என்று மட்டும்தான் தோன்றியது. திங்களன்று டெஸ்ட் எடுத்தோம், பாசிட்டிவ். இருவருக்கும் இருப்பதால் ஒரே அறையில் இருக்கலாம் என்றார் டாக்டர்.

18-ம் தேதி இரவு. மணி இரண்டரை இருக்கும். அம்மாவுக்குக் குளிர் ஜுரம் தூக்கிப்போட்டது. ஆக்ஸிமீட்டரை மாட்டினேன். எண் குதித்துக் குதித்து 89-ல் வந்து நின்றது.

எனக்கு அறையே சுற்றியது. 108-ஐ அழுத்தக் கை போனது. அதற்கு முன் டாக்டரைக் கூப்பிட்டேன். இரண்டாவது ரிங்கில் எடுத்துவிட்டார், அந்த மனிதருக்குக் கோயில் கட்ட வேண்டும்.

“கை சில்லுன்னு இருக்கா, பாருங்க.” ஐஸாக இருந்தது. “உட்கார வைங்க. ரெண்டு உள்ளங்கையையும் நல்லா தேய்ச்சுச் சூடாக்குங்க. நடுவிரல்ல மாட்டி, கையை ஆட்டாம ஒரு நிமிஷம் விடுங்க. அதுவரைக்கும் நெஞ்சு எத்தனை தடவை ஏறி இறங்குதுன்னு எண்ணுங்க.”

என் மடியில் அம்மாவின் கைகளை வைத்துத் தேய்த்தேன். ஐந்து நிமிடம் கழித்து மாட்டினால் 94, 95, பிறகு 96-ல் அசையாமல் நின்றது. மூச்சு நிமிடத்துக்கு 18. விரல் சில்லிட்டிருந்தாலோ, நகத்தில் அடர்த்தியான பாலிஷ் இருந்தாலோ, கை நடுங்கினாலோ இந்தக் கருவி தப்பாகக் காட்டலாம். எண் குதித்துக்கொண்டிருக்கும்போது பார்த்து நம்பக் கூடாது. ஆனால், கை சூடான பிறகும் 93 அல்லது அதற்குக் கீழேயே நின்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது என்றும் அழுத்திச் சொன்னார்.

அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். “நான் போட்டுக்கிட்டேன். அவன் போட்டுக்கலையே” என்றார். அந்த எட்டு மாதத்தில் அம்மா அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் கையைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

மூன்றாம் நாள் அம்மாவின் காய்ச்சல் இறங்கிவிட்டது. சர்க்கரை மட்டும் தாறுமாறாக ஏறியிருந்தது. தொற்று வந்தால் அப்படி ஏறும் என்று மாத்திரையை மாற்றிக்கொடுத்தார்கள். சர்க்கரை நோயாளிகள் இருக்கும் வீட்டில் ஆக்ஸிஜனை மட்டும் பார்த்துவிட்டு இதை மறந்துவிடாதீர்கள்.

எட்டாவது நாள்

டெஸ்டில் பாசிட்டிவ் வந்ததிலிருந்து ஏழு நாள் முடிந்து, கடைசி மூன்று நாள் தொடர்ந்து காய்ச்சல் இல்லையென்றால் தனிமை முடிந்தது, மறுபடி டெஸ்ட் தேவையில்லை என்பது 2022 ஜனவரியில் வந்த, அப்போதைய விதி. எனக்கு ஏழு நாள் முடிந்தபோது அம்மா படுத்துவிட்டதால், அவருக்கும் முடியும்வரை கூடவே இருந்தேன்.

வெளியே வந்ததும் எல்லோருக்கும் நான் ‘குணமானவள்’. மிக்ஸி, குக்கர், துணி மூட்டை எல்லாம் எனக்காகக் காத்திருந்தன. முதல் நாள் காய்கறி வாங்கிக்கொண்டு மாடி ஏறினேன். பத்தாவது படியில் கால் நின்றுவிட்டது. மூச்சு வாங்கவில்லை, ஆக்ஸிஜன் 97. ஆனால், மீதி எட்டுப் படிகளை ஏற உடம்பில் ஒன்றும் இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அலுவலகத்தில் எனக்குக் கணக்குப் பிரிவில் வேலை. ஒரே பத்தியை மூன்று முறை கூட்டினேன், மூன்று விடை வந்தது. பக்கத்து சீட்டுத் தோழி, “உனக்கு மைல்டாதானே வந்துச்சு?” என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால், நான் ஏதோ நடிப்பதுபோல எனக்கே ஒரு குற்ற உணர்வு வந்துவிட்டது. அந்த வேகத்தில் சனிக்கிழமை வீடு முழுவதும் துடைத்து, ஜன்னல் திரைகளைத் துவைத்துப் போட்டேன். ஞாயிறும் திங்களும் எழுந்திருக்கவே முடியவில்லை.

டாக்டர் இந்த முறை என் கணவரையும் லைனில் வரச் சொன்னார். “இன்னிக்கு நல்லா இருக்குன்னு எல்லா வேலையையும் செஞ்சா, நாளைக்கும் நாளன்னிக்கும் படுக்க வேண்டியதுதான். அடுத்த நாள் படுக்கவெச்சா, முந்தின நாள் செஞ்சது அதிகம்னு அர்த்தம். அதுக்குக் கீழ எவ்வளவு முடியுமோ அதை மட்டும் ரெண்டு வாரம் செய்யுங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க.” நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இவற்றில் எது வந்தாலும் ‘அசதிதான்’ என்று விடாமல் வரச் சொன்னார். போனை வைத்ததும் கணவர் ஒன்றும் பேசாமல் போய்ப் பாத்திரம் தேய்த்தார். இன்றுவரை தேய்க்கிறார். அடிப்பிடித்த பாத்திரத்தை மட்டும் ஊறப்போட்டுவிட்டு நழுவிவிடுவார், அது வேறு விஷயம்.

வாசனைக்கு ஒரு பயிற்சி உண்டு. எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலம், ரோஜா. ஒவ்வொன்றையும் இருபது விநாடி, காலையும் இரவும், அந்த வாசனையை நினைவுக்குக் கொண்டுவந்தபடி முகர வேண்டும். எனக்கு ரோஜாவுக்குப் பதில் பன்னீர். வாசனை இல்லாத நாள்களில் எனக்கிருந்த பெரிய பயம் கேஸ் கசிவுதான். மகனை அடுப்படிக் காவலுக்குப் போட்டேன். பால் கெட்டதா, சாம்பார் ஊசியதா என்றும் அவன்தான் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரத்தில் ஒரு காலை, ஹாலில் உட்கார்ந்திருந்தவள், “தோசை கருகுது!” என்று கத்தினேன். கரண்டியோடு வெளியே வந்த மகன் என்னைப் பார்த்து ஒரு நொடி விழித்தான். பிறகுதான் இருவருக்கும் புரிந்தது.

இருமல் இருபது நாள் இழுத்து நின்றது. இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், ‘கொரோனா மிச்சம்’ என்று விட்டுவிடாமல் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம்.

பிப்ரவரி 19, உள்ளாட்சித் தேர்தல். அம்மாவும் நானும் காலையிலேயே போய் ஓட்டுப் போட்டோம். அம்மாவுக்கு உட்கார பெஞ்ச் கொடுத்தார்கள். திரும்பி வந்து மாடி ஏறும்போது என்னையறியாமல் எண்ணினேன். பத்தைத் தாண்டினேன், பதினாலில் ஒரு நொடி நின்றேன், பிறகு மேலே போய்விட்டேன். அம்மா எனக்கு முன்பே போய்ப் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

அவருக்கு பூஸ்டர் ஊசி பாக்கி இருந்தது. 2022 தொடக்கத்தில் இருந்த விதிப்படி, இரண்டாவது டோஸ் போட்டு ஒன்பது மாதம் ஆகியிருக்க வேண்டும், தொற்று குணமாகி மூன்று மாதமும் ஆகியிருக்க வேண்டும். கணக்குப் பார்த்து, காலண்டரில் ஏப்ரல் 24-ஐ அம்மாவே சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

இரவு ஒன்பது மணிக்கு அண்ணி கூப்பிட்டார். “எவ்வளவு?” 

“98, அண்ணி. அம்மாவுக்கு 97.”

“சரி. பேட்டரியைக் கழட்டி வெச்சுடு. உள்ளேயே விட்டா கசிஞ்சு கெட்டுப்போயிடும்.”

கழற்றி வைத்தேன். அதே அலமாரிதான். ஆனால், இந்தத் தடவை துணிக்கு அடியில் வைக்கவில்லை.